கல்லில் வைரஸ் ஏறாது

இணையத்தில் கணினி உதிரிபாகம் வாங்கி ஏமாற மூன்று விதிகள் போதும்.

முதலாவது, விலையைச் சந்தேகிக்கக் கூடாது. 500 ரூபாய்க்கு 2 டெராபைட் வட்டு என்பது விற்பவரின் பெருந்தன்மை. உள்ளே இருப்பது சிறிய மெமரி கார்டு. கொள்ளளவைப் பெருக்கிக் காட்டும்படி மென்பொருள் மாற்றப்பட்டிருக்கும். கணினியே நம்பிவிடும். முழுக்க நிரப்பிப் பார்க்கும் சந்தேகப் பிராணிகளுக்குத்தான் கோப்புகள் காணாமல் போகும்.

இரண்டாவது, பார்சல் பிரிப்பதை வீடியோ எடுக்கக் கூடாது; ஆதாரம் மிஞ்சிவிடும். 2022 தீபாவளி விற்பனையில் மங்களூர்க்காரர் ஒருவருக்கு மடிக்கணினிக்குப் பதில் கல் வந்தது. குறை சொல்ல முடியாது. கல்லில் வைரஸ் ஏறாது.

இந்த வளர்ச்சியில் பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பின்தங்கிய ஊர். அங்கே பீங்கான் வாங்குபவர்கள் அதைச் சுண்டிப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒலியிலேயே கண்டுபிடித்து, அப்புறம்தான் காசை எடுப்பார்கள். இத்தனை அவநம்பிக்கையோடு டிஜிட்டல் இந்தியாவை எப்படி எட்டுவது?

மூன்றாவது, 'பணம் திருப்பித் தருகிறோம்' என்று அழைப்பு வந்தால் யூபிஐ ரகசிய எண்ணை உடனே போட வேண்டும். பணம் பெற அந்த எண் தேவையே இல்லை. ஆனாலும் கேட்டவர் மனம் நோகலாமா? கல்லுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்ததும் அப்போது கிளம்பிவிடும்.

மூன்றிலும் தேறியவர்களுக்காகவே அரசு இணைய மோசடிப் புகாருக்கு 1930 என்ற எண்ணை வைத்திருக்கிறது. தாமதிக்காமல் அழைக்கவும்.