வெயில் தும்மலின் குடிவழி: மாவடிப்பள்ளியை முன்வைத்து ஓர் ஆய்வு

லுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் நிழலைவிட்டு வெளியே கால்வைத்ததும் சிலருக்குத் தும்மல் வருகிறது. தடிமன் இல்லை, தூசி இல்லை, பக்கத்து வீட்டில் மிளகாய் வறுக்கவும் இல்லை. கிழக்கிலங்கையின் மாவடிப்பள்ளியில் ஊரைத் தாண்டினால் காரைதீவுப் பக்கமும் வயல், சம்மாந்துறைப் பக்கமும் வயல். வெயிலை மறைக்க ஒன்றும் கிடையாது. தும்மியவர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்கிறார், செருப்புத் தேடிக்கொண்டிருப்பவர் ‘யர்ஹமுகல்லாஹ்’ என்கிறார். ஒவ்வொரு தும்மலுக்கும் கையோடு ஒரு சாட்சி கிடைக்கும் ஆய்வுக்களம் வேறெங்கே வாய்க்கும்?

இத்துறையின் முன்னோடி அரிஸ்டாட்டில். சூரியச் சூடு தும்ம வைக்கிறது, நெருப்பின் சூடு ஏன் வைப்பதில்லை என்று அவர் பெயரில் வழங்கும் நூல் கேட்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் பேக்கன் கண்ணை மூடிக்கொண்டு சூரியனைப் பார்த்து நின்றால் தும்மல் வராது என்று எழுதினார். அத்தோடு சூடு விடுதலையானது, கண் மாட்டிக்கொண்டது. கண் நரம்புக்கு வந்த சேதி, மூக்கை ஆளும் முக்கிளை நரம்புக்குக் கசிந்துவிடுகிறது என்பது இன்றைய கருத்து. 1978இல் இதற்கு நீண்டதோர் ஆங்கிலப் பெயர் வைத்தவர்கள், முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘அச்சூ’ என்று வரும்படி பார்த்துக்கொண்டார்கள். 1993இல் போர் விமானிகளுக்கு இதனால் ஆபத்து என்று இராணுவ மருத்துவ இதழொன்றில் கட்டுரை வந்தது. வயல் வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும் நம் ஆக்களைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு நேரமிருந்திருக்காது.

இனி வழக்குக்கு வருவோம். பிள்ளை முற்றத்தில் இறங்கித் தும்முகிறது. மூத்தம்மா உடனே தீர்ப்புச் சொல்கிறார்: “எங்கட பக்கத்துல இப்புடித் தும்முற ஆக்கள் இல்ல கா. இது வாப்பாட ஆக்கள்ர தும்மல்.” இத்தீர்ப்பு எல்லா வீட்டிலும் ஒன்றாகவே இருப்பதற்குக் காரணம் உயிரியல் அல்ல, வீடு. கல்முனைக் கரையில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்கிறார். வழக்கு நடப்பது வாதியின் வீட்டில், பிரதிவாதி அங்கேதான் சோறு தின்கிறார், அவர் பக்கத்துச் சாட்சிகள் வேறு தெருவில். மூத்தம்மா தும்மினால் அது தடிமன். வாப்பா தும்மினால் அது பரம்பரை.

விஞ்ஞானம் வாப்பாமார் பக்கம் சற்றுச் சாய்கிறது. வெயில் தும்மல் ஆட்சியான இயல்பு. பெற்றோரில் யாரேனும் ஒருவர் கொடுத்தாலே போதும். 2010இல் வந்த ஆய்வொன்று இரண்டாம் நிறமூர்த்தத்தில் ஓரிடத்தைச் சுட்டியது. அந்த நிறமூர்த்தத்தில் ஒன்றை உம்மா தருகிறார், ஒன்றை வாப்பா தருகிறார். அங்கே சீதனக் கணக்கு செல்லாது.

மூத்தம்மா அடியோடு பிழை என்று சொல்லிவிடவும் முடியாது. கிழக்கில் பிள்ளையின் குடி, அதாவது குலம், உம்மாவின் குடி. மகனுக்கும் அதே குடிதான், ஆனால் அதை அவன் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. அக்கரைப்பற்றில் தங்கி இதை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் தடித்த புத்தகமே போட்டார். கலங்களுக்குள் இருக்கும் இழைமணியின் டிஎன்ஏயும் அப்படியே இயங்குகிறது: 16,569 எழுத்து, 37 பரம்பரையலகு, எல்லாம் உம்மாவிடமிருந்து, மகனோடு முடிந்துவிடும். அதன் எழுத்துகளை விஞ்ஞானிகள் முழுதாக வாசித்தது 1981இல். நிர்வாகத்துக்குக் குடிக்கு ஒரு மரைக்கார் என்று எடுத்த பள்ளிவாசல்கள் அந்த விதியை அதற்கு வெகுகாலம் முன்பே கைக்கொண்டிருந்தன.

உம்மாவும் சாச்சியும் ஒரே குடி. அவர்களின் பிள்ளைகளுக்குள் கலியாணம் ஆகாது. அந்தப் பிள்ளைகளுக்கு இழைமணியும் ஒன்றே. மாமி மகள் வேறு குடி, முடிக்கலாம். சிக்கல் இங்கேதான் இருக்கிறது: மாமி, வாப்பாவின் கூடப்பிறந்தவர். வாப்பாவின் தும்மல் அவரிடமும் இருக்கக்கூடும். குடி வாசலில் தடுத்தாலும் தும்மல் மச்சி வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

ஆகவே மாப்பிள்ளை கேட்டுப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லுஹருக்குப் பிறகு போங்கள். மாப்பிள்ளையை முற்றத்துக்கு வரச்சொல்லிப் பாருங்கள். போவதற்கு முன் மூத்தம்மாவையும் ஒருமுறை வெயிலில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.