மீனுக்கு ஐஸ் வைப்பவர்

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் பேட்டைக்கு ஒரு மாமாவாவது இப்படி இருக்கிறார். வங்கியில் ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக வீட்டுக்குள் மீன் நுழைந்ததில்லை. தசாவதாரக் காலண்டரில் வந்த மச்சம் தவிர. மகன் மின்னசோட்டாவில். ஆறு மாதம் போய் இருந்தபோது ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை மகன் அவரை உறைந்த ஏரியின் மேல் நடத்திக் கூட்டிப்போனான். நாலு அங்குலம் கட்டியிருந்தால் ஆள் நடக்கலாம் என்பது அந்த ஊர்க் கணக்கு. பனிக்கட்டியில் துளை போட்டு, பக்கத்தில் ஸ்டூலும் போட்டு உட்கார வைத்தான். மாமா அன்று பிடித்தது கிராப்பி என்கிற மீன், ஒன்றே ஒன்று. அதையும் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டார். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் நாற்பது லூர்!

லூர் என்றால் பொம்மை இரை. மண்புழுவைத் தொட மாட்டேன், இறாலை முகர மாட்டேன் என்பவருக்கு ஆண்டவன் அருளிய சைவத் தூண்டில். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு, பளபளவென்று, கீழே கொக்கியோடு. பெட்டியைப் பிரித்த மாமி முதலில் கேட்டது, “ஏன்னா, இந்த ஒத்தை ஜிமிக்கி யாரோடது?” அந்தக் கேள்வியிலிருந்து மாமா மீண்டு வரவே ஒரு வாரம் ஆயிற்று. “கிராப்பி பிடிக்கறதுக்கு” என்று விளக்கியபோது, “அதான் போன வாரம் வெட்டிண்டேளே, மறுபடி எதுக்கு கிராப்பு?” என்றாள்.

லூர் தேர்ந்தெடுப்பதைப் பார்க்க வேண்டுமே! பனகல் பார்க் பட்டுக்கடையில் மாமி புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதை நாற்பது வருஷம் கேலி செய்த அதே மனுஷன், பால்கனியில் நின்று லூரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கிளிப்பச்சையா, ராமர் பச்சையா? சிவப்பு ஆழத்துக்குப் போகப்போக முதலில் மங்கிவிடும், அதனால் காலையில் ஆகாது. இருட்டில் ஒளிர்கிற ரகத்துக்கு டார்ச் அடித்து ஒளி ஏற்ற வேண்டும். அதற்காகக் காலை நாலரைக்கே எழுந்துவிடுகிறார். ஈயம் வேண்டாம், டங்ஸ்டன்தான். குட்டியாக இருக்கும், கனமாக இருக்கும், சட்டென்று கீழே இறங்கும். ஃபின்லாந்தில் லவுரி ராப்பாலா என்பவர் 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டித் தன் முதல் லூரைச் செய்தார் என்று தெரிந்த நாளிலிருந்து பேரக் குழந்தைகள் தின்னும் சாக்லேட் தாள் ஒன்றும் குப்பைக்குப் போவதில்லை.

கிராப்பிக்குக் கண் தலையில் மேலே தூக்கி இருக்கும். தனக்கு மேலே இருப்பதைத்தான் கவனிக்கும், கீழே கிடப்பதைக் கண்டுகொள்ளாது. “அப்படியே எங்க ஜோனல் மேனேஜர்!” என்பார் மாமா. ஆகவே லூர் அதன் தலைக்கு ஒரு சாண் மேலே நின்று, லேசாகத் துடித்து, பிறகு சும்மா இருக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் காகிதம் மாதிரி வாய், கிழிந்துவிடும். முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் அவர் கற்றதும் இதுதான். ஐஸ் வைப்பதில் அளவு முக்கியம்.

ஐஸ் என்று சொல்லிவிட்டேன். மீன் சந்தையில் ‘ஐஸ் மீன்’ என்றால் பழசு என்று வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். இவரோ அந்த வார்த்தை காதில் விழுந்ததுமே கடற்கரைச் சாலை ஐஸ் ஹவுஸுக்குப் போய்விடுவார். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்க ஃபிரெடரிக் டியூடர் கம்பெனி 1842-ல் கட்டியது. 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். “அந்த ஊர் ஏரியே இங்கே வந்திருக்கு. அதுல போடற லூர் வரப்படாதா?” பாஸ்டனுக்கும் மின்னசோட்டாவுக்கும் நடுவே ஆயிரம் மைலுக்கு மேல் இருக்கிறதே என்று யாரும் குறுக்கே பேசக்கூடாது.

ஒரு நாள் அடையாறு முகத்துவாரத்துக்கு என்னையும் இழுத்துப் போனார். 1967-ல் கட்டி, 1977-ல் ஆறு பாதியைத் தின்றுவிட்ட உடைந்த பாலம். சுற்றிலும் பையன்கள் காலி பாட்டிலில் தங்கூசியைச் சுற்றிக்கொண்டு, இறால் குத்திய முள்ளை வீசி மடவையும் கெளுத்தியும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா அரை மணி நேரம் யோசித்து ஆரஞ்சு லூரைக் கட்டி வீசினார். அது ஒரு கிராம்கூட இல்லை. துளைக்குள் நேராக இறக்கப் பிறந்த ஜாதி. கடற்காற்று அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அவர் வேட்டிக் கரையில் மாட்டியது. பச்சையை வீசினார், என் சட்டையில் மாட்டியது. “இன்னா சார், ஆளையா புடிக்கிறீங்க?” என்றான் ஒரு பையன். இதைவிடச் சரியான விமர்சனம் எனக்குத் தோன்றவில்லை.

வீசக்கூடாது, நேராக இறக்க வேண்டும். அதற்குத் துளை வேண்டும். சென்னையில் துளைக்கு எங்கே போவது? போன செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கித் திரும்பும்போது கண்டேன். அவர்கள் ஃபிளாட் கார் நிறுத்துமிடத்தில் சம்ப் மூடி திறந்திருக்க, அதன் ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, மார்கழிக் குளிருக்குக் குரங்குக் குல்லாய் மாட்டி, முழ நீளத் தூண்டிலோடு மாமா. உள்ளே கொசுப்புழு தின்ன விட்டிருந்த கப்பி மீன்கள். லூரும் மீனும் ஒரே நீளம்.

வாட்ச்மேன் வந்து நின்றார். “சார், மோட்டார் போடணும். மூணாவது மாடியில தண்ணி வரலேன்னு கத்தறாங்க.”

மாமா திரும்பவில்லை. “அஞ்சு நிமிஷம் பொறுப்பா. பச்சைக்கு மசியலே, மஞ்சளைக் கட்டிப் பார்த்துடறேன்.”