விளக்கு வித்வான்

சங்கீத வித்வான்களோடும் தமிழ் வித்வான்களோடும் நெடுங்காலம் பழகிவந்த நம்மவர்களிடையே, விளக்கு வித்வான் என்ற புதியதோர் இனம் அண்மைக் காலத்தில் உற்பத்தியாகியிருக்கிறது. இவ்வினத்தாரைப் பகலில் அடையாளம் கண்டுகொள்வது கடினம். மற்றவர்களைப் போலவே வேட்டி கட்டிக்கொண்டு, பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு, பென்ஷன் உயர்வைப் பற்றிப் பிரஸ்தாபித்துக்கொண்டு உலவுவார்கள். அந்தி மயங்கி, ஊரிலுள்ள ஏனைய வீடுகளிலெல்லாம் யாரோ ஒருவர் சுவரண்டை சென்று ஒரு விரலால் தட்டி விளக்கைப் போட்டுவிட்டுத் தம் காரியத்தைப் பார்க்கப் போய்விடும் அந்த வேளையில், எந்த வீட்டில் ஒருவர் கும்மிருட்டில் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதன் நீல ஒளி மூக்கின்மேல் விழ, "ஒரு நிமிஷம், இதோ வந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறாரோ, அந்த வீட்டில் விளக்கு வித்வான் ஒருவர் வாசம் செய்கிறார் என்று நிச்சயமாகக் கொள்ளலாம்.

எனக்கு அறிமுகமான வித்வான் நங்கநல்லூரில் இருக்கிறார். வங்கியில் முப்பத்தாறு ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவர்; அன்றைய கணக்கு ஒரு ரூபாய் உதைத்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் வீடு திரும்பமாட்டார் என்று பெயரெடுத்தவர். அப்படிப்பட்டவருக்கு ஓய்வு என்பது எத்தகைய தண்டனை என்பதைச் சர்க்கார் யோசித்துப் பார்ப்பதில்லை. உதைப்பதற்கு ஒரு கணக்குமில்லாமல் எட்டு மாதம் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவருக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த மகன், கைப்பேசியால் ஏற்றி அணைக்கக்கூடிய ஒரே ஒரு பல்பைக் கொண்டுவந்து கொடுத்தான். இன்று அந்த வீட்டில் இருபத்தேழு விளக்குகள் அவருடைய ஆக்ஞைக்கு உட்பட்டவை; உட்பட்டவை என்பது அவருடைய அபிப்பிராயம். சமையலறை மட்டும் அவருடைய சாம்ராஜ்யத்துக்கு வெளியே இருக்கிறது. அதன் சரித்திரத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அவருடைய அகராதியில் விளக்கைப் போடுவது என்ற பிரயோகமே கிடையாது. நாடகத்தில் வருவதுபோல எல்லாம் 'காட்சி'தான். திரைப்படம் பார்ப்பதற்கு ஒரு காட்சி, பூஜைக்கு ஒரு காட்சி, பகல் தூக்கத்துக்கு ஒரு காட்சி. என் போன்றவர்கள் வந்தால் விருந்தினர் காட்சி. முதல் தடவை நான் போனபோது, "பாருங்கள் ஸார்!" என்று கம்பீரமாகச் சொல்லி, கைப்பேசியை ஒரு தடவு தடவினார். கூடத்திலுள்ள ஒன்பது விளக்குகளும் ஏககாலத்தில் இளமஞ்சளாய் மலரவேண்டும் என்பது ஏற்பாடு. நடந்ததோ, வாணலியில் சோளம் பொரிவது போல இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பட்டுப் பட்டென்று எரிந்து, எட்டாவதோடு நின்றுபோயிற்று.

இதற்காக அவர் வெட்கப்பட்டிருப்பார் என்று நீங்கள் நினைத்தால், வித்வானை நீங்கள் அறியவில்லை. அவர் முகம் அந்த ஒன்பதாவது விளக்கின் இருளில்தான் பிரகாசித்தது. "இதிலே விஷயம் இருக்கிறது, ஸார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே செய்தி அனுப்பி, அது "கிடைத்தது" என்று பதில் சொல்லும்வரை பார்த்திருந்து செயல்படுவது, பந்தியில் ஒவ்வோர் இலையாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டு போவதற்கு ஒப்பானதாம். கடைசி இலைக்காரர் காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குப் பதிலாக ஒன்பதையும் ஒரு குழுவாக்கி, இன்ன காட்சிக்கு இன்ன பிரகாசம் என்பதை அந்தந்த விளக்கின் ஞாபகத்திலேயே பதித்துவிட்டு, ஒரே குரலில் கூப்பிட்டால், கோயில் மணி கேட்டதும் எல்லோரும் கைகூப்புவது போல ஒன்றாக எரியும். ஆனால் குழுவாகக் கூப்பிடும்போது யாரும் பதில் சொல்லவேண்டிய நியமமில்லை. ஆகையால் ஒரு விளக்கு மணியோசையைத் தவறவிட்டால், தவறவிட்டது என்பது யாருக்கும் தெரியாது. இவ்வளவையும் அவர் விளக்கி முடித்தபோது காபி ஆறிப்போயிருந்தது. மறுவாரமே குழு ஏற்பாட்டுக்கு மாறினார். ஒன்பதும் சேர்ந்தே எரிந்தன. அன்றைக்கு அவர் சற்று வாடினாற்போல எனக்குத் தோன்றியது.

அவருடைய வியாக்கியானங்களில் பூர்வகதைப் படலம் ஒன்றும் உண்டு. 1975-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தில் ஒரு கூட்டத்தார், வீட்டு மின்கம்பியின் வழியாகவே விளக்குகளுக்கு உத்தரவு அனுப்பும் 'எக்ஸ்-10' என்ற முறையைச் சிருஷ்டித்தார்களாம். பதினாறு வீட்டு எழுத்துக்களும் பதினாறு எண்களுமாக 256 விலாசங்கள். அடுத்த வீட்டுக்காரரும் அதே எழுத்தை வைத்திருந்தால், அவர் படுக்கப் போகையில் நம் வீட்டு விளக்கும் அணையுமாம். இப்போது அவர் கையாளும் 'ஸிக்பீ' முறை கம்பியில்லாதது. தேன் இருக்கும் திசையைக் கூட்டுக்கு வந்து நடனமாடித் தெரிவிக்கும் தேனீயின் ஞாபகமாக வைத்த பெயர். அந்த நடனத்தின் பொருளைக் கண்டு சொன்ன கார்ல் வான் ஃபிரிஷ் என்பவருக்கு 1973-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் வித்வானின் தேனீக்களில் சில கூட்டுக்கு வராமலே இருந்துவிடுவதற்கு என்ன கொடுப்பார்கள் என்று தெரியவில்லை.

இந்தத் தேனீக்கள் பறக்கும் ஆகாயம் நெரிசல் மிகுந்தது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே வீதியில் வைஃபையும் போகிறது, ப்ளூடூத்தும் போகிறது, மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் போகிறது. வீதியைத் தடங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வைஃபையின் பதினோராம் தடமும் ஸிக்பீயின் பதினோராம் தடமும் ஒன்றல்ல. மடிப்பாக்கத்திலும் ஒரு முதல் குறுக்குத் தெரு, ஆதம்பாக்கத்திலும் ஒரு முதல் குறுக்குத் தெரு இருப்பது போன்றதே அது. எந்தத் தடத்தில் நடமாட்டம் குறைவு என்று கண்டறிய, கிணறு வெட்டும் முன் வேப்பங்குச்சியை ஏந்தி நீரோட்டம் பார்ப்பவரைப் போல, கைப்பேசியை இரு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் மாடிப்படிகளில் ஏறி இறங்குவதை அந்தக் குடியிருப்பில் அனைவரும் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் மாடிக்காரரிடம், "உங்கள் ரௌட்டரை மட்டும் ஒன்றாம் தடத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா?" என்று வினயமாகக் கேட்டார். கார் நிறுத்துமிடத்தில் ஏதோ தகராறு என்று எண்ணி அவர் காரை நகர்த்தினார்.

தடம் மாற்றினால் எல்லா விளக்குகளும் பின்தொடர்ந்து வருவதில்லை. வராதவற்றைப் பிறந்தநாள் நிலைக்குக் கொண்டுபோய்ப் புதிதாகச் சேர்க்கவேண்டும்; அதற்குச் சுவர் சுவிட்சைக் குறிப்பிட்ட காலப்பிரமாணத்தில் ஐந்து தடவை போட்டு ஐந்து தடவை அணைக்கவேண்டும். தாளம் தப்பினால் முதலிலிருந்து. ஏணியின் உச்சியில் வித்வான். சுவிட்சண்டை அவருடைய சம்சாரம். "போடு... அணை... போடு" என்று அவர் மேலேயிருந்து லயம் சொல்ல, அந்த அம்மாள் கீழே வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான்காவதில் சமையலறையிலிருந்து குக்கர் விசிலடித்தது. பருப்புக்கு மூன்று விசில் என்ற கணக்கும் அவரிடமே இருந்தபடியால், இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று கலந்து, விளக்கு ஆறு தடவை அணைந்து எரிந்தது. பருப்பு ஐந்து விசில் கண்டது. "என்னங்க, இதில் எது அடுப்புக்கு, எது பல்புக்கு?" என்று அவர் கேட்டதற்கு ஏணியிலிருந்து பதில் வரவில்லை.

இனி, வித்வானின் தாயாரைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பத்துநான்கு வயது, படுக்கப் போகுமுன் வீடு முழுதும் ஒரு சுற்றுச் சுற்றி, கதவைத் தாழிட்டு, காஸை மூடி, கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டுப் படுப்பது அறுபதாண்டுப் பழக்கம். ஸிக்பீயில் மின்சாரத்தை நேரே உண்ணும் பல்புகள் தாம் எரிவதோடு, தூரத்திலுள்ள உபகரணங்களின் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கைமாற்றும் தர்மத்தையும் செய்கின்றன. பேட்டரியில் ஓடுபவை அதைச் செய்வதில்லை. நடைவழி விளக்கைப் பெரியம்மா சுவரிலேயே அணைத்தால், அது ஒளியை மட்டுமா இழக்கிறது? அதை நம்பிப் பேசிக்கொண்டிருந்த பின்கட்டு உணரியும் அநாதையாகிவிடுகிறது. இந்தச் சூக்ஷ்மம் தெரியாமல் வித்வான் இரண்டு மாதம் அலைந்தார். பெட்டியை மாற்றினார், ஆண்டெனாவை மாற்றினார், பிழை நேரும் நேரத்தையெல்லாம் பேரேடு போட்டு எழுதினார். பேரேட்டைக் கூட்டிப் பார்த்தபோது தினந்தோறும் இரவு ஒன்பது இருபதுக்கே கணக்கு உதைப்பது புலப்பட்டது. அது பெரியம்மா படுக்கும் நேரம்.

"அம்மா, எரியாவிட்டாலும் சுவிட்சு போட்டபடியே இருக்கவேண்டும்" என்றார்.

"எரியாத விளக்குக்கு எதுக்குடா கரண்டு?" என்றார் தாயார்.

இதற்குப் பதில் இன்றுவரை எந்தச் சாஸ்திரத்திலும் நான் காணவில்லை. 'தயவுசெய்து அணைக்காதீர்' என்று சீட்டெழுதி ஒட்டினார்கள். கண்ணாடியில்லாமல் பெரியம்மாவால் படிக்க முடியாது. கண்ணாடியைத் தேடுவதற்கு விளக்கு வேண்டும். மருமகளுக்கோ முதல் நாளே காரணம் தெரியும். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "என்னை யார் கேட்டார்கள்?" என்றார்.

மாடிப்படி விளக்கின் கதை வேறு. அந்த டூ-வே சுவிட்சுப் பெட்டியில் நியூட்ரல் கம்பி வந்து சேரவில்லை. எப்போதும் விழித்திருக்கவேண்டிய நூதன சுவிட்சுக்குத் தானும் சிறிது மின்சாரம் உண்டாகவேண்டும். நியூட்ரல் இல்லாத இடத்தில் அது பல்பின் வழியாகவே திருடிக் குடிக்கிறது. ஐந்து வாட் எல்.இ.டி.க்கு அந்தத் திருட்டே போதுமான ஆகாரமாகி, அணைத்த பின்னும் நடுநிசியில் மினுக்மினுக்கென்று கண் சிமிட்டும். எலக்ட்ரீஷியன் வந்து பல்புக்குப் பக்கத்தில் சிறு கெப்பாஸிட்டர் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனதும் சிமிட்டல் நின்றது. அதற்குள் மேல்மாடிக் குழந்தைகள் படியில் தனியே இறங்குவதை நிறுத்தியிருந்தார்கள்.

புதிய மென்பொருள் ஒன்றை ஸ்தாபித்தபோது, தேசப்படத்தில் தம் வீடு இருக்குமிடத்தைக் குறிக்க மறந்துவிட்டார். அது தானாகவே ஆம்ஸ்டர்டாமைத் தன் ஊராகக் கொண்டிருந்தது. ஜூன் மாதம், அங்கே சூரியன் இரவு பத்துமணி சுமாருக்கு அஸ்தமிக்கும் காலம். நங்கநல்லூர் வாசல் விளக்கு அதை அனுசரித்து இரவு ஒன்றரை மணிக்கு ஏறி, காலை எட்டே முக்கால் வரை எரிந்தது. "ஸார் வீட்டில் ஏதாவது விசேஷமா?" என்று காவலாளி விசாரித்தான்.

மின்வெட்டு இரவுகளைப் பற்றி விஸ்தரிக்க வேண்டாம். மின்சாரம் திரும்பியதும், தாம் முன்பு அணைந்திருந்தோம் என்பதையே மறந்து முழுப் பிரகாசத்தோடு எரிவதுதான் இந்தப் பல்புகளின் சுபாவம். கைப்பேசியில்லாதவன் சுவர் சுவிட்சைப் போட்டாலும் வெளிச்சம் கிடைக்கவேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் அப்படிச் செய்திருக்கிறார்கள். பழைய நிலையிலேயே இரு என்று சொல்லிவைக்கவும் வழியுண்டு. அதை வித்வான் கற்றுக்கொண்டது, இரவு இரண்டு மணிக்கு இருபத்தேழும் ஒருமிக்க எரிந்து, பெரியம்மா எழுந்து பல் துலக்கிக் காபி கேட்ட அடுத்த நாள்.

ஆள் நடமாட்டத்தை அறிந்து விளக்கேற்றும் உணரிகள் உண்மையில் காண்பது ஆளை அல்ல. சூழலினின்றும் வேறுபட்ட உடற்சூடு நகர்வதைத்தான். அக்கினி நட்சத்திரத்தின்போது சுவரும் காற்றும் மனிதனும் ஒரே சூட்டை எய்தும் நாட்களில், அது எல்லாவற்றையும் ஒன்றாகவே பாவிக்கும் அத்வைத நிலையை அடைந்துவிடுகிறது. நாமே கையை ஆட்டி, துவைதம் போதிக்கவேண்டும்.

சமையலறை சாம்ராஜ்யத்தை விட்டுப் பிரிந்தது அப்படியொரு மே மாதத்தில்தான். அந்த அம்மாள் தாளிக்க எண்ணெய் காய்ச்சி, கடுகு வெடிக்கத் தொடங்கிய சமயம், விளக்கு அணைந்தது. உணரிதான் காரணமென்று கையை வீசிப் பார்த்தார், எரியவில்லை. கூடத்திலிருந்து, "மென்பொருள் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், நாலே நிமிஷம்!" என்று குரல் வந்தது. கடுகுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, பரணில் கிடந்த பழைய டியூப் லைட்டை இறக்கிப் பட்டியோடு மாட்டச்சொல்லி, சாதாரணச் சுவிட்சு ஒன்றையும் போட்டுக்கொண்டார். வித்வான் ஆட்சேபிக்கவில்லை, ஆட்சேபிக்கும் நிலையில் அன்றைய ரசம் அவரை வைத்திருக்கவில்லை.

சென்ற வாரம் இரவு எட்டரை மணிக்கு அவரைப் பார்க்கப் போனேன். கூடம் இருட்டாக இருந்தது. வித்வான் சமையலறையில் முக்காலிமேல் உட்கார்ந்து, மூன்று பல்புகளையும் ஒரு பெட்டியையும் பேரேட்டையும் பரப்பிக்கொண்டு, ஏதோ ஒரு கணக்கு உதைப்பதை முகமெல்லாம் மலர்ச்சியோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். வெளிச்சம் அங்கேதான் இருந்தது. அந்த டியூப் லைட்டைப் போட்டு ஆறு வருஷமாகிறதாம். ஸ்டார்ட்டர் மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள். அதையும் அந்த அம்மாளே மாற்றிக்கொண்டார்.