ஒட்டுப்பிழை இயல்: பிரெஞ்சு நெடுநாள் விசாவை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

விசா மறுக்கப்படுவது குறித்து நம்மிடம் போதுமான அளவு பேச்சும் புலம்பலும் சேர்ந்திருக்கிறது. பக்தித் துறையும் தன் பங்கைச் செய்திருக்கிறது. ஐதராபாத்துக்கு அருகே சில்க்கூர் பாலாஜி கோயிலில் வேண்டுதலுக்கு 11 சுற்று, விசா கிடைத்ததும் 108 சுற்று என்று முறையே வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் விசா கிடைத்து, அது கேட்ட விசாவாக இல்லாமல் வேறொன்றாக இருந்துவிட்டால் 108 சுற்று கட்டாயமா, பாதி போதுமா, அல்லது முதலிலிருந்து மறுபடி 11 சுற்றா? இந்தக் கேள்வியை இதுவரை யாரும் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வேடு என்றால் இப்படி ஒரு வாக்கியம் முதல் பக்கத்தில் இருந்தாக வேண்டும், எழுதியாயிற்று.

ஆய்வு எல்லை

எல்லா நாட்டு விசாக்களையும் எடுத்துக்கொண்டால் ஆய்வாளர் ஓய்வு பெற்றுவிடுவார். ஆகவே பிரான்சோடு நிறுத்திக்கொள்கிறோம். விசாவை மாற்றித் தருவது எந்த நாட்டிலும் நடக்கும். ஆனால் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே 'டி' எழுத்து கொண்ட ஸ்டிக்கரில் ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று விசாக்களை வைத்திருக்கும் நேர்த்தி பிரான்சுடையது. தமிழோடு உறவும் உண்டு. 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி புதுச்சேரிப் பகுதி மக்களில் ஒரு சாரார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடக்கும்வரை, பிரெஞ்சு விசா வரிசையில் புது மாப்பிள்ளையும் புதுப் பெண்ணும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். பாரிசின் லா சப்பல் பகுதியில் ஈழத் தமிழர் கடைவீதி இருப்பதால் களப்பணியின்போது தேநீருக்கும் பஞ்சமில்லை.

கருதுகோள்

ஒட்டப்பட்ட விசா தவறாக இருக்க முடியாது. தவறு இருக்குமானால் அது யாருடைய பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டதோ அவரிடம்தான் இருக்கிறது.

இது ஆய்வாளரின் கருத்தல்ல. இனி வரப்போகும் எல்லா அலுவலகங்களும் தனித்தனியே, ஒன்றையொன்று கலந்தாலோசிக்காமல் வந்தடையும் முடிவு.

மூலபாடம்

ஐரோப்பிய விசா ஸ்டிக்கருக்கு ஒரே மாதிரியான வடிவம் 1995இல் விதிக்கப்பட்டது. விமான நிலையத்தின் உள்ளேயே விமானம் மாறிப் போகிறவருக்கு 'ஏ'. குறுகிய காலத்துக்கு, அதாவது எந்த 180 நாளிலும் 90 நாள் தங்க, 'சி'. அதற்கு மேல் தங்க 'டி'. இடையிலிருந்த 'பி'யை 2010இல் ஒழித்துவிட்டார்கள். அதன் பிறகு ஐரோப்பாவில் 'ஏ'வுக்கு அடுத்து 'சி' வருகிறது. யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

விசா கையில் வந்ததும் நம்மவர் முதலில் பார்ப்பது புகைப்படம். அடுத்துப் பெயர். மூன்றாவதாக 'டி' எழுத்து. அதைப் பார்த்ததும் நெடுநாள் விசா வந்துவிட்டது என்று பாஸ்போர்ட்டை மூடிச் சாமி படத்தின் முன் வைத்துவிடுகிறார். விசாவின் உயிர் இருப்பதோ ஸ்டிக்கரின் கீழ்ப் பகுதியில், குறிப்புகள் என்ற இடத்தில், பிரெஞ்சில் பொடி எழுத்தில் அடித்திருக்கும் ஒன்றிரண்டு வரிகளில். அதற்கும் கீழே இரண்டு வரி, அம்புக்குறிகள் நிறைந்தது, கணினிக்கு மட்டும். மனிதருக்கு எழுதிய வரியை மனிதர் படிப்பதில்லை. கணினிக்கு எழுதியதைக் கணினி தவறாமல் படித்துவிடுகிறது. இவ்வியலின் பாதிச் சோகம் இதிலேயே முடிந்துவிடுகிறது.

அந்தப் பொடி எழுத்தை வைத்து 'டி' விசாவை மூன்றாகப் பகுக்கலாம். பிரெஞ்சுப் பெயர்கள் நீளமானவை என்பதால் ஆய்வு மரபுப்படி கலைச்சொல் படைத்துக்கொள்கிறோம்.

முதலாவது, 'குடியமர் விசா'. 2009இல் வந்தது. இந்த ஸ்டிக்கரே ஓராண்டு வரை வதிவிட அட்டையாகவும் நிற்கும். பிரான்சில் இறங்கிய 3 மாதத்துக்குள் அரசின் இணையதளத்தில் பதிவு செய்து, முத்திரைக் கட்டணம் கட்டி, அதை உயிர்ப்பித்துக்கொள்ள வேண்டும். முடிவதற்குள் அங்கேயே புதுப்பிக்கக் கேட்கலாம். மாணவர் என்றால் காலாவதிக்கு 4 மாதம் முன்பிருந்து 2 மாதம் முன்புவரை அதற்குரிய காலம்.

இரண்டாவது, 'விருந்தாளி விசா'. இதுவும் ஓராண்டு வரை தரப்படும். பதிவு கிடையாது, அட்டை கிடையாது, பிரான்சுக்குள் இருந்தபடி புதுப்பிக்க வழியும் கிடையாது. முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். பிரெஞ்சுச் சுருக்கப் பெயரில் முன்னது வி.எல்.எஸ்.டி.எஸ்., இது வி.எல்.எஸ்.டி. வித்தியாசம் கடைசி 'எஸ்' மட்டுமே.

மூன்றாவது, 'முன்பண விசா'. ஸ்டிக்கரில் 3 மாதம்தான் இருக்கும். வந்து இறங்கிய 2 மாதத்துக்குள் ப்ரிஃபெக்சர் எனப்படும் மாவட்ட அரசு அலுவலகத்தில் அட்டை கேட்க வேண்டும் என்று குறிப்பில் போட்டிருக்கும்.

இனி இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. பார்வைக்கு மூன்றில் இளைத்திருப்பது முன்பண விசா. ஓராண்டுக்கு மேல் வேலை செய்ய வரும் உயர்தகுதிக்காரர்களுக்கு அதைத்தான் ஒட்டி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. பல ஆண்டு அட்டை பின்னால் அங்கே கிடைக்கும். விருந்தாளி விசாவோ கொழுகொழுவென்று முழு ஆண்டும் காட்டும், இறுதியில் விமான நிலையப் புறப்பாட்டு வாயிலில் கொண்டுபோய் விடும். இதனால் 3 மாத ஸ்டிக்கரைப் பெற்ற பொறியாளர் வீட்டில் ஒப்பாரி, 12 மாத ஸ்டிக்கரைப் பெற்ற மாணவர் வீட்டில் பாயசம். இரண்டும் இடம் மாறி நடந்திருக்க வேண்டியவை.

பிழை பிறக்கும் இடம்

ஆய்வுக்காக ஒரு மாணவரைக் கற்பனை செய்துகொள்வோம். கும்பகோணத்துக்காரர். லியோன் நகரில் இரண்டாண்டு முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவர் கையில் வந்ததோ ஓராண்டு விருந்தாளி விசா. யார் செய்த பிழை?

கவுன்டரில் நிகழ்ந்த கைப்பிழையாக இருக்கலாம். பட்டியலில் அடுத்த வரியில் விரல் பட்டாலே போதும். ஆனால் விண்ணப்பப் படிவத்தையும் பார்க்க வேண்டும். எத்தனை மாதம் தங்கப் போகிறீர்கள் என்று அது கேட்கிறது. சேர்க்கைக் கடிதத்தில் முதல் ஆண்டுக்கான தேதி மட்டும் இருந்தால், மாணவர் அந்தத் தேதியையே அப்படியே எழுதிவைக்கிறார்.

இதைவிட நுட்பமான காரணம் நம் ஊர் ஏஜென்ட் வளர்த்த உரைநடை மரபு. "படிச்சு முடிச்சதும் திரும்பி வந்துடுவேன்னு அழுத்தி எழுதுங்க தம்பி, அப்பதான் ரிஜெக்ட் ஆகாது" என்பது அவர்களின் முதல் பாடம். மாணவரும் நிலபுலன், பாட்டியின் உடல்நிலை, தாய்நாட்டுப் பற்று என்று மூன்று பத்திக்குத் திரும்பி வருகிறார். கடிதத்தைப் படிக்கும் அதிகாரி சந்தேகப்படுவார் என்பதுதான் ஏஜென்ட் போட்ட கணக்கு. அவர் நம்பிவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டதில்லை. நம்பிவிட்ட அதிகாரி தரக்கூடிய மிகப் பொருத்தமான விசா விருந்தாளி விசாதான்.

வேலை செய்யாமல் சொந்தப் பணத்தில் தங்கும் 'பார்வையாளர்' பிரிவினருக்கும் இதே கதி. ஓராண்டுக்கு மேல் தங்க எண்ணம் என்று கடிதத்தில் தெளிவாக எழுதாவிட்டால், போய்விட்டு வந்துவிடுவார் என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

உரைகளும் உரையாசிரியர்களும்

மூலம் இரண்டு வரி என்றால் உரை இருநூறு பக்கம் இருப்பது நம் மரபு. விசா ஸ்டிக்கருக்கும் உரை மரபு உண்டு. ஆய்வில் மூன்று பள்ளிகள் தெரியவருகின்றன.

புதுச்சேரிப் பள்ளியினர் பிரெஞ்சு அறிந்தவர்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குறிப்பு வரியை ஒலிநயத்தோடு வாசிப்பார்கள். "அட்டை பெறுவதிலிருந்து தற்காலிக விலக்கு" என்று பதவுரையும் சொல்வார்கள். பிறகு, "உனக்கு விலக்கே குடுத்துட்டான் பார், அலைச்சல் மிச்சம்" என்று தெளிவுரை. பதவுரை சரி, தெளிவுரையில்தான் மாணவர் கவிழ்கிறார்.

லா சப்பல் பள்ளி அனுபவத்தைச் சான்றாகக் கொள்வது. "தம்பி, உது ஒரு பிரச்சினையும் இல்லை. என்ர மச்சானுக்கும் முதல்ல இப்பிடித்தான் குடுத்தவங்கள். இப்ப அவனிட்டப் பத்து வருசக் கார்ட் இருக்கு." மச்சான் வந்தது எந்த ஆண்டு, எந்தச் சட்டத்தின் கீழ், மாணவராகவா அகதியாகவா என்ற வினாக்களை இப்பள்ளி பாடபேத ஆராய்ச்சி என்று ஒதுக்கிவிடும்.

ஏஜென்ட் பள்ளியின் உரை மிகச் சுருக்கமானது: "போயிட்டு அங்க மாத்திக்கலாம்." மூன்று சொல்லில் இத்தனை விமான டிக்கெட்டுகளை வீணாக்கிய உரை வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

திணை மயக்கம்

தவறான விசா என்று ஒன்று இயல்பாகவே இருக்கிறதா, அல்லது தவறானவரிடம் போய்ச் சேர்ந்த விசாவா? இங்கே பிரிட்டிஷ்காரர்களைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து அவர்கள் நாடு விலகி, இடைக்காலமும் 2020 இறுதியில் முடிந்தபின், பிரான்சின் கிராமங்களில் சொந்த வீடு வைத்திருந்தவர்களெல்லாம் 180க்கு 90 நாள் என்ற கணக்குக்குள் வந்துவிட்டார்கள். தோட்டத்து ரோஜா பூக்கும்போது 91ஆம் நாள் வந்துவிடுகிறது. இவர்களில் பலர் ஏங்குவது நம் கும்பகோணத்து மாணவர் கண்ணீர் விடும் அந்த விருந்தாளி விசாவுக்குத்தான். ஆறு மாதம் இருந்துவிட்டுத் தன் ஊருக்குப் போக விரும்பும் பிரிட்டிஷ்காரர் பாஸ்போர்ட்டில் குடியமர் விசாவை ஒட்டிவிட்டால், பதிவு, முத்திரைக் கட்டணம் என்று அவர் தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

இவர்களுக்கு விண்ணப்பமே இல்லாமல் நெடுநாள் விசா தந்துவிடலாம் என்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் குடியேற்ற மசோதாவுக்குள் ஒரு பிரிவைச் செருகினார்கள். 2024 ஜனவரியில் அரசமைப்பு மன்றம் அதை நீக்கிவிட்டது. மசோதாவின் பொருளோடு அது ஒட்டவில்லை என்பது காரணம். ஒட்டாததை ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்ன ஒரே அமைப்பு இதுதான் என்பதால் ஒட்டுப்பிழை இயலார் அம்மன்றத்துக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

மேல்முறையீட்டு மெய்யியல்

பிரான்சில் இறங்கியபின் பிழை தெரியவந்தால் என்ன ஆகும்? ப்ரிஃபெக்சரில், விசா கொடுத்தது தூதரகம், அங்கே கேள் என்பார்கள். தூதரகத்துக்கு எழுதினால், நீங்கள் இப்போது இருப்பது பிரான்சில், இங்கே இருப்போருக்குத்தான் நாங்கள் என்று பதில் வரும். பதிவு செய்யும் இணையதளத்துக்கு விருந்தாளி விசாவை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. மூவர் சொல்வதும் தர்க்கப்படி சரி. அதுதான் கொடுமை.

மறுக்கப்பட்ட நெடுநாள் விசாக்களுக்கு நந்த் நகரில் ஒரு முறையீட்டு ஆணையம் இருக்கிறது. 30 நாளுக்குள் எழுத வேண்டும். 2 மாதம் பதில் வராவிட்டால் மௌனமே மறுப்பு. உலகின் எந்த மூலையில் மறுத்த பிரெஞ்சு விசாவானாலும் வழக்கு அந்நகரின் நிர்வாக நீதிமன்றத்துக்குத்தான் போகும். ஆனால் நம் மாணவருக்கு யாரும் எதையும் மறுக்கவில்லையே. கேட்டதைத் தராமல் கேட்காததைத் தருவது மறுப்பா, கொடையா? வழக்கறிஞர் மறுப்பு என்பார். ஒட்டியவர் கொடை என்பார். இடையில் ஓராண்டு ஓடிவிடும்.

நந்த் என்றதும் ஒரு கிளைச்செய்தி. எழுத்தாளர் ழூல் வெர்ன் 1828இல் பிறந்தது அங்கேதான். அவருடைய 80 நாள் உலகப் பயண நாயகன் ஃபிலியாஸ் ஃபாக், சூயஸில் பிரிட்டிஷ் துணைத் தூதரிடம் போய் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை கேட்கிறார். அது தேவையே இல்லை என்று துணைத் தூதர் சொல்லியும், இந்த வழியாக வந்தேன் என்பதற்குச் சான்று வேண்டுமென்று கேட்டுப் பெறுகிறார். தேவையில்லாத விசாவைப் பெற்றவர் உலகத்தைச் சுற்றி முடித்தார். 80 நாள்தான் என்பதால் இன்றைய கணக்கிலும் அவருக்கு 'சி'யே போதும்.

பரிந்துரைகள்

ஸ்டிக்கரை மாற்றும் அதிகாரம், ஒட்டிய அலுவலகத்துக்கு மட்டுமே முழுமையாக உண்டு. ஆகவே இவ்வியலின் நடைமுறைப் பயன் முழுவதும் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஏறியபின் எஞ்சுவது கோட்பாடு மட்டும். ஓராண்டு முடிந்ததும் நம் மாணவர் ஊர் திரும்பி, விண்ணப்பக் கட்டணத்தை மறுபடி கட்டி, முதலிலிருந்து தொடங்குவார். இரண்டாம் ஆண்டு வகுப்புகள் அவருக்காகக் காத்திருக்காது.

ஆகையால் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் உறையை அங்கேயே பிரியுங்கள். 'டி' எழுத்தோடு நிறுத்தாமல் தேதியையும் குறிப்பு வரியையும் உங்கள் விண்ணப்ப நகலோடு ஒப்பிடுங்கள். ஓராண்டுக்கு மேல் படிக்கவோ தங்கவோ போகிறீர்கள் என்றால், அட்டையிலிருந்து விலக்கு என்று அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் அன்றைக்கே எழுத்து மூலம் திருத்தம் கேளுங்கள், டிக்கெட் தேதியைத் தள்ளிப்போடுங்கள். இனிப்பு அதற்குப் பிறகு கொடுக்கலாம்.