தரங்கம்பாடிக்காரரும் மூன்று துறைமுகங்களும்

என் மாமனாருக்கு எந்த ஊரைக் காட்டினாலும் முதலில் அதன் வயது தெரிந்தாக வேண்டும். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் தரங்கம்பாடி. அங்கே கடலோரத்தில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கிறது. அந்த 1620-ஐ அவர் மூக்குக்கண்ணாடி மாதிரி சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். யாராவது எதையாவது 'பழமையானது' என்று சொன்னால் எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பார்.

அமெரிக்காவில் அதற்கு வேலை அதிகம். கோடையில் அவரும் மாமியாரும் சார்லட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எங்கே அழைத்துப்போகலாம் என்ற பேச்சில் நயாகரா முதல் சுற்றிலேயே அடிபட்டது. "அருவியை என்னத்தப் பாக்குறது, குத்தாலத்துலயாவது குளிக்கலாம்" என்றார் மாமியார். கடைசியில் தெற்குக் கடற்கரையின் பழைய ஊர்கள் மூன்று முடிவாயின: தென் கரோலைனாவில் சார்ல்ஸ்டன், ஜார்ஜியாவில் சவானா, ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின். என் மனைவி எக்செல்லில் மணிவாரியாகத் திட்டம் போட்டாள். மாமியார் அதைப் பார்க்காமலே புளிசாதம் கிளறினார். பன்னிரண்டு வயது மகன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டான். எதற்கு என்று கேட்டேன். "தாத்தா வெர்சஸ் அமெரிக்கா. ஊருக்கு ஒரு பாயின்ட்" என்றான்.

சார்ல்ஸ்டன் போகும் வழியில் சாலையோரம் ஒரு கொட்டகை. பெரிய அண்டாவில் ஆவி பறந்தது. மாமியார் கண்ணாடியை இறக்கி முகர்ந்தார். "மாப்ளே, நிறுத்துங்க. அவிச்ச கடலை." அதேதான். தோலோடு, உப்பு போட்டு அவித்த பச்சை நிலக்கடலை. தென் கரோலைனாவில் 2006-இல் இதை மாநிலத்தின் அதிகாரபூர்வ நொறுக்குத்தீனியாகச் சட்டம் போட்டே அறிவித்திருக்கிறார்கள் என்றேன். மாமியார் விலையை ரூபாயாக்கிப் பார்த்து ஒரு நிமிடம் பேச்சற்றுப் போனார். ஆனால் பையைக் கீழே வைக்கவில்லை.

சார்ல்ஸ்டன் 1670. மாமனார் பலகையைப் படித்தார், ஐம்பதைக் கழித்தார், பேரனைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு பாயின்ட். "கோட்டை எதுவானா இருக்கட்டும், ஊரோட வயசுதான் கணக்கு" என்று விதியையும் அவரே அறிவித்தார். அந்த விதி பின்னால் அவர் காலையே வாரப்போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

வென்ற தெம்பில் ஊரை ரசித்தார். கிழக்கு விரிகுடாத் தெருவில் வண்ணம் பூசிய பதின்மூன்று வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஊரே அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறது. மாமியார் வண்ணத்தை விட்டுவிட்டுத் தாழ்வாரங்களை அண்ணாந்து பார்த்தார். பல வீடுகளில் தாழ்வாரத்துக் கூரை மட்டும் வெளிர்நீலம். ஆவிகள் அதைத் தண்ணீர் என்று நினைத்துக் கடக்காமல் போய்விடும் என்பது அந்தக் கடற்கரையில் வாழும் கல்லா கீச்சி மக்களின் நம்பிக்கை என்று என் மனைவி விளக்கினாள். "விவரமான ஊருதான்" என்றார் மாமியார். அமெரிக்காவுக்கு அவர் கொடுத்த முதல் நற்சான்றிதழ் அது.

மாமனாருக்குச் சுல்லிவன் தீவில்தான் உற்சாகம். அங்கே 1776 ஜூன் 28 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஒரு கோட்டையைச் சுட்டுத் தள்ளின. கோட்டைச் சுவரோ பால்மெட்டோ மரம், நம் பனைக்கு உறவு. கட்டைகள் பஞ்சு போலிருந்ததால் குண்டுகள் சிதறடிக்காமல் உள்ளே புதைந்துபோயின. அந்த மரம்தான் இன்றும் மாநிலக் கொடியில் நிற்கிறது. "பனைகிட்ட வெள்ளைக்காரன் பருப்பு வேகல பாத்தியா!" என்று பேரன் முதுகில் தட்டினார். பிறகு அரை மணி நேரம் அண்ணாந்தபடி நுங்கு தேடினார். நுங்கும் இல்லை, பதநீரும் இல்லை என்றதும் மதிப்பு கொஞ்சம் குறைந்தது.

1780-இல் சார்ல்ஸ்டனை பிரிட்டிஷார் பிடித்தபோது படையில் இருந்தவர் கார்ன்வாலிஸ். மறு ஆண்டே யார்க்டவுனில் சரணடைந்தார். 1786-இல் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். அவர் சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "இங்க ஃபெயில் ஆனவனை அங்க ஹெட்மாஸ்டர் ஆக்கியிருக்கானுவ" என்றார் மாமனார். அவர் பணிக்காலத்தில் இதற்கு உதாரணங்கள் நிறைய உண்டாம். பெயர்களைச் சொன்னார், நான் எழுதவில்லை.

சாப்பாட்டில் சிறு தகராறு. இந்த ஊரின் பெருமை, சோளக் குருணையைக் கஞ்சியாகக் கிளறி மேலே இறால் போட்டுத் தருவது. மாமனார் இரண்டு தட்டு சாப்பிட்டார். மாமியார், "இறால் நல்ல இறால். உப்புமாவுல போட்டுக் கெடுத்துட்டான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் புளிசாதத்தைத் திறந்தார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வயதுக் கணக்கு எழவில்லை. காட்ஸ்டன் துறை என்ற இடத்தில் 2023-இல் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள் இறக்கப்பட்ட துறை அது. சார்ல்ஸ்டனின் பழைய செல்வம் நெல். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து பலரைப் பிடித்துவந்தார்கள். அவர்களுக்கு நெல்லும் தெரியும், சதுப்பில் வரப்பு கட்டவும் தெரியும். ஓதம் ஏறும்போது ஆற்றின் நன்னீர் மேலே தள்ளப்படும். அதை மரக் கதவு வழியாக வயலுக்குள் விட்டு, ஓதம் இறங்கும்போது வடித்தார்கள். "மதகு" என்றார் டெல்டாக்காரர். வெளியே வந்து காரில் ஏறும்வரை வேறொன்றும் சொல்லவில்லை. பேரனும் நோட்டைத் திறக்கவில்லை.

சவானா எளிய ஆட்டம். 1733. "நேத்து முளைச்சது" என்று காரிலிருந்து இறங்காமலே பாயின்ட் வாங்கிக்கொண்டார். ஆனால் ஊரை நிறுவிய ஓக்லதார்ப் போட்ட மனைக்கட்டு அவருக்குப் பிடித்தது: சில தெருக்களுக்கு ஒரு சதுக்கம். இருபத்து நான்கில் இருபத்திரண்டு இன்னும் இருக்கின்றன. எல்லாச் சதுக்கத்திலும் ஓக் மரங்கள். கிளைகளில் நரைத்த தாடி போலத் தொங்கும் செடி. அது அன்னாசிக் குடும்பம் என்றான் மகன். "காய்க்குமா?" என்றார் மாமியார்.

அந்தக் குடியேற்றத்தில் தொடக்கத்தில் ரம், அடிமை முறை, வக்கீல் மூன்றுக்கும் இடமில்லை. முதலிரண்டும் இருபது ஆண்டுக்குள் உள்ளே வந்துவிட்டன. வக்கீல் மட்டும் வராமல் இருப்பாரா? மயிலாடுதுறைக் கோர்ட்டில் ஒரு வாய்க்கால் வழக்கை நெடுங்காலமாகச் சுமக்கும் மாமனார், ஓக்லதார்ப் சிலைக்குக் கீழே நின்று உளமார ஒரு கும்பிடு போட்டார்.

சவானாவின் இரவு வியாபாரம் பேய். கூரை வெட்டிய பிண வண்டியில் ஆட்களை உட்காரவைத்துப் பேய் வீடுகளைச் சுற்றிக்காட்டுகிறார்கள். மகன் கேட்டான், நான் டிக்கெட் எடுத்தேன். "காசு குடுத்து அமரர் ஊர்தியில ஏறுறீங்களா?" என்று மாமியார் கேட்டது தெருவுக்கே கேட்டது. பேய் ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்தபோது விடுதி அறை வாசலில் மாமியார் துண்டோடு நின்றார். தீட்டாம். தலைக்குக் குளிக்காமல் கட்டில் பக்கம் போக முடியாது என்றார். நள்ளிரவுக்குச் சற்று முன்பு ஷாம்பு போட்டுக் குளித்தோம்.

செயின்ட் அகஸ்டின் வந்தது. பலகையில் 1565. மாமனார் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். பெத்ரோ மெனெந்தெஸ் என்ற ஸ்பானியர் நிறுவிய ஊர். அன்று முதல் ஆள் குடியிருப்பு அறுபடவே இல்லை. ஐம்பத்தைந்து ஆண்டு வித்தியாசத்தில் தரங்கம்பாடி தோற்றது.

ஒப்புக்கொள்வாரா? சிப்பிகள் இறுகி உண்டான கோகினா கல்லில் கட்டிய சான் மார்கோஸ் கோட்டையின் கட்டுமானம் 1672-இல்தான் தொடங்கியது என்று கண்டுபிடித்தார். "கோட்டைக்குக் கோட்டை நாங்கதான் மூத்தவங்க!" பேரன் நோட்டைத் திருப்பினான். "ஊரோட வயசுதான்னு நீங்கதான் சொன்னீங்க, தாத்தா." உடனே பாண்டியனைக் கூப்பிட்டார். தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில், 1306, குலசேகர பாண்டியன். கப்பலில் வந்தவர்கள் கட்டியது மட்டும்தான் செல்லும், சொந்த ஊர்க்காரர் கட்டியது சேர்த்தி இல்லை என்றான் பேரன்.

இந்த விவகாரம் இளமை ஊற்றுப் பூங்காவிலும் தொடர்ந்தது. 1513-இல் ஃபுளோரிடாவுக்கு வந்த போன்ஸ் தெ லியோன் இளமை தரும் ஊற்றைத் தேடினார் என்பது அவர் செத்தபின் ஒட்டிக்கொண்ட கதை. ஆனாலும் தண்ணீரைக் காகிதக் கோப்பையில் தருகிறார்கள். கந்தக வாடை. மாமனார் ஒரு மடக்கோடு நிறுத்திவிட்டார். மாமியார் குடித்து முடித்து, ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கே திமுகுவா மக்களின் ஊர் இருந்தது என்று எழுதியிருந்ததை மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "அவங்களுக்கு எத்தனை பாயின்ட் போட்டே?" என்றார். நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

மறுநாள் வடக்கே திரும்பும்போது பின் இருக்கையிலிருந்து திடீரென்று ஒரு குரல்.

"கொச்சி. போர்த்துகீசியன் கோட்டை. 1503. கப்பல்ல வந்தவன்தான்."

"அது கேரளா, தாத்தா."

"எல்லாம் ஒரே தென்னாடுதான்டா."

"ஆமா," என்றார் மாமியார், "முல்லைப் பெரியாறு பேச்சு வந்தா மட்டும் நாயர் கடையில டீ குடிக்க மாட்டாரு."

மகன் யோசித்து, கருணை அடிப்படையில் அரை பாயின்ட் போட்டான். ஜாக்சன்வில் பாலம் தாண்டுவதற்குள் மாமனார் மறுகூட்டலுக்கு விண்ணப்பித்துவிட்டார்.