செட்டுக்கார அண்ணன்

சேலத்திலிருந்து தாரமங்கலம் வழியாக ஜலகண்டாபுரம் போகும் பஸ்ஸில், இடம் கிடைத்ததும் டிரான்ஸ்பார்மரை உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு வருகிறவர் யாரோ, அவர்தான் செட்டுக்கார அண்ணன். பாட்டுக் கேட்கும் செட்டைத் தானே கட்டுகிறவர்; தெருவுக்கு ஒருவர் உண்டு. தறி ஓட்டுவார், அல்லது மளிகைக் கடை வைத்திருப்பார், அதெல்லாம் உபதொழில்.

கடையில் அட்டைப்பெட்டியோடு விற்கும் செட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். “கம்பெனி செட்டுல என்னங்க இருக்குது? பிளாஸ்டிக்கும் ஸ்டிக்கரும்தானே!” ஸ்டிக்கர் விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘பிஎம்பிஓ 1000 வாட்ஸ்’ என்று முகப்பில் அச்சடித்த மலிவுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே 12 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர்தான் இருக்கும். பெருக்கினால் 24. மீதி 976 வாட்ஸுக்கு ஸ்டிக்கர் அடித்தவர்தான் பொறுப்பு.

அண்ணனின் ஆராய்ச்சி பாட்டி வீட்டு மண்பானையில் தொடங்கியது. பெட்டி அடிக்கக் காசில்லாத காலத்தில் ஊர்ப்பக்கம் ஸ்பீக்கரைப் பானையின் வாயில் பொருத்திப் பாட்டுக் கேட்டவர்கள் ஏராளம். சிரிக்க வேண்டியதில்லை. ஸ்பீக்கர் கோனின் முன்னால் எழும் ஒலியும் பின்னால் எழும் ஒலியும் கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்; பேஸ் காணாமல் போகும். இரண்டையும் பிரித்து வைக்க மூடிய கலம் ஒன்று வேண்டும். பானை அந்த வேலையை ஒழுங்காகச் செய்தது. பாட்டிதான் குடிதண்ணீருக்கு வேறு பானை தேட வேண்டியதாயிற்று.

அடுத்தது 4440 ஆம்ப்ளிஃபயர் போர்டு. சான்யோவின் எல்ஏ 4440 ஐசி, 13.2 வோல்ட்டில் பக்கத்துக்கு 6 வாட்ஸ் கொடுக்கும். ஒரு கூடத்துக்கு அது தாராளம். ஆனால் 6 என்ற எண்ணை வைத்துக்கொண்டு மச்சான்மாரிடம் எப்படிப் பேசுவது? போர்டைப் பரணில் போட்டுவிட்டு 5200–1943க்குத் தாவினார். தோஷிபாவின் இந்த டிரான்சிஸ்டர் ஜோடிக்குச் சந்தையில் போலிகள் அதிகம். முதலில் வாங்கிய ஜோடி அன்றைக்கே புகைந்தது. இரண்டாவது அசல், அதனால் ஒரு வாரம் கழித்துப் புகைந்தது.

வாட்ஸைப் பத்து மடங்காக்கினால் சத்தமும் பத்து மடங்காகும் என்பது அவர் கணக்கு. காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வாட்ஸ் இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்கு ஆனது என்று காது ஒத்துக்கொள்ள ஏறத்தாழ 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குத்தான் பத்து மடங்கு வாட்ஸ். ஒரு வாட்டுக்கு 87 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 90 தருவதை மாட்டினால், ஆம்ப்பை இரட்டித்த பலன் வந்துவிடும். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கரில் போடுங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனாலும்தான். அண்ணனோ, “ஸ்பீக்கர் சும்மா ஆடுறதுங்க, பாடுறது ஆம்ப்தான்” என்பார்.

வயர் விஷயத்தில் மட்டும் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 5 மீட்டர் இழுத்தால், போக வர மொத்தத் தடை 0.17 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய துண்டே அவருக்குப் போதும்.

செட்டு முடிந்த நாளில் பேஸ் பத்தவில்லை. 12 அடிக் கூடத்தின் நட்டநடுவில் நாற்காலி போட்டுக் கால்மேல் கால் போட்டிருந்தார். அந்த நீளத்துக்கு, இரண்டு சுவருக்கும் நடுவே சுமார் 47 ஹெர்ட்ஸில் ஓர் அலை நிலையாக நின்றுவிடும். சுவரோரம் அதன் அழுத்தம் உச்சம்; நடுவில் பூஜ்யம். அண்ணன் பூஜ்யத்தில் உட்கார்ந்து குமிழைத் திருகத் திருக, சுவர் அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒவ்வொன்றாக நடந்து விளிம்புக்கு வந்தன. வீட்டுக்காரம்மா கரண்டியோடு வந்து நின்றார். “ஏனுங்க, இந்த அலமாரிகிட்ட வந்து கேளுங்க. இங்க பேஸ் நல்லாத்தான் வருது.”

அறிவியல்படி அந்த அம்மா சொன்னதுதான் சரி. நாற்காலியை 3 அடி பின்னால் தள்ளினால் காரியம் முடிந்தது, காசு செலவில்லை. அண்ணன் மறுநாள் போய் 12 இஞ்ச் சப்-ஊஃபர் வாங்கி வந்தார்.

பிறகு 5.1 வந்தது. ஸ்டீரியோவில் பதிவான ‘ப்ரியா’ (1978) பாடல்களை வைத்து இடது வலது சரிபார்த்தால் பொருத்தமாக இருக்கும். அவர் போடுவது 1960களின் டி.எம்.எஸ். பாட்டு. ஒரே தடத்தில் பதிவானதை ஆறு பெட்டிக்குப் பங்கு வைத்ததில், சிவாஜி டிவியில் வாயசைக்க, குரல் குளியலறைப் பக்கத்திலிருந்து வருகிறது. “பாருங்க, எப்படிச் சுத்துது!”

இத்தனைக்கும் நடுவில் தறிச் சத்தம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. விசைத்தறிக் கொட்டகைக்குள் சத்தம் 90ஐத் தாண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் கரண்ட்டை நிறுத்தும் பகலில்தான் ஊர் அடங்குகிறது. பாட்டுக் கேட்க அதைவிட நல்ல பொழுது ஜலகண்டாபுரத்தில் கிடையாது. என்ன, செட்டுக்கும் கரண்ட் இருக்காது.

அப்படி ஒரு நாளில்தான் பரணில் கிடந்த 4440 நினைவுக்கு வந்தது. பழைய 12 வோல்ட் கார் பேட்டரியில் மாட்டி, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ போட்டார். வி.எஸ். நரசிம்மனின் வயலினில் வில் உரசுவதுகூடக் கேட்டது. அண்ணன் கண்கலங்கிவிட்டார். “பேட்டரி கரண்ட்டு சுத்தமானதுங்க!” பேட்டரியில் மெயின்ஸ் இரைச்சல் இல்லை என்பது உண்மைதான். அதைவிடப் பெரிய உண்மை, முந்தின நாள் கூடத்தின் சுவரோரம் இறக்கி வைத்த நூல் மூட்டைகள். டைல்ஸ் தரையிலும் சிமென்ட் சுவரிலும் மோதித் திரும்பும் எதிரொலியை அவைதான் உறிஞ்சிக்கொண்டிருந்தன. இரண்டு நாளில் மூட்டைகள் தறிக்குப் போயின, ஒலி கெட்டது. அண்ணன் பேட்டரியை மாற்றினார்.

அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு டார்ச் செல் கொண்டுபோங்கள். ஸ்பீக்கரை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ்ஸில் தொட்டால் கோன் முன்னால் வர வேண்டும். அவருடைய வலது பெட்டியில் உள்ளே போகும். பிளஸ் மைனஸ் மாறிக் கிடக்கிறது. இடது தள்ளும்போது வலது இழுத்தால் பேஸ் எங்கிருந்து வரும்? அவர் டீ சொல்ல உள்ளே போகும் நேரத்தில் வயரைத் திருப்பி மாட்டிவிடுங்கள். சொல்லிக்கொள்ள வேண்டாம். புதுப் போர்டு வேலை செய்கிறது என்று மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லட்டும்.