சேவலுக்கு வந்த நோட்டீஸ்

அனுப்புநர்: தரைத்தளத்து 'முர்கேவாலா (சேவல்கார) மதராசி', மயூர் விஹார், டெல்லி.

பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், குடியிருப்போர் நலச் சங்கம்.

பொருள்: சேவல் ஒன்று, கோழிகள் நான்கு – ஏழு நாளில் காலி செய்யச் சொன்னது – விளக்கம் அளித்தல் தொடர்பாக.

பார்வை: என் வீட்டுக் கதவில் தாங்கள் ஒட்டிய நோட்டீஸ் (கிடைத்த வரையில்).

ஐயா,

நோட்டீஸில் பாதியைத்தான் படிக்க முடிந்தது. மைதா பசை போட்டு ஒட்டியிருந்தீர்கள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் என் கோழி கருப்பி மறுபாதியைக் கொத்தித் தின்றுவிட்டாள். மிச்சமிருந்த பாதியில் சத்தம், நாற்றம், நோய் என்று மூன்று குற்றச்சாட்டுகள் இருந்தன. தின்ற பாதியில் வேறேதும் இருந்தால் மன்னிக்கவும், அதற்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் சத்தம். சேவல் விடியற்காலை நாலரைக்குக் கூவுகிறது என்பது உண்மை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபலுக்கு மேல் கூடாது. பக்கத்தில் நின்று கேட்டால் சேவல் 100ஐத் தாண்டும். சட்டப்படி அவன் குற்றவாளிதான், ஒப்புக்கொள்கிறேன். நவராத்திரியின்போது நம் பூங்காவில் சங்கத்தின் சார்பில் விடிய விடிய ஜாக்ரண் பஜனை நடந்ததே, அன்று அவன் கூவினானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

உங்களுக்காகக் கூண்டைக் கறுப்புத் துணியால் மூடியும் பார்த்தேன். விடிந்தது தெரியாவிட்டால் சும்மா இருப்பான் என்று நினைத்தேன். சரியாக நாலரைக்குக் கூவினான். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். பகலும் இரவும் தெரியாத மங்கலான வெளிச்சத்தில் வைத்தாலும் சேவல் தன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கூவுகிறதாம். இரண்டு வருடம் கழித்து இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள்: பல சேவல்கள் இருக்குமிடத்தில் அந்தஸ்தில் மூத்தது முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்தொடரும். நம் சங்கத்தின் பொதுக்குழுவை நேரில் பார்த்தவன் என்பதால் எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. பெல்ஜியத்தில் செய்த ஆய்வு ஒன்று இதையும் மிஞ்சியது. சேவல் வாயைப் பெரிதாகத் திறந்து கூவும்போது அதன் காதுத் துவாரம் தானாகவே ஓரளவு அடைத்துக்கொள்கிறது. தன் சத்தம் தன் காதைக் கெடுக்காமலிருக்க இயற்கை செய்து கொடுத்த ஏற்பாடு. பொதுக்குழுவைப் பற்றி மறுபடியும் சொல்லப்போவதில்லை.

போகிற போக்கில் ஒன்று. நம் காலனியின் பெயர் மயூர் விஹார். மயில் அகவிக் கேட்டிருக்கிறீர்களா? அதற்கு என் சேவல் எவ்வளவோ தேவலை.

நாற்றத்தைப் பற்றி நீண்ட விளக்கம் எழுதலாம் என்று ஜன்னலைத் திறந்தேன். காஜிப்பூர் பக்கமிருந்து காற்று வீசியது, மூடிவிட்டேன். அங்கே 1984இல் தொடங்கிய குப்பைக் கிடங்கு 2002லேயே நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகும் கொட்டிக் கொட்டி, 2019 வாக்கில் குதுப் மினாருக்கு எட்டு மீட்டர்தான் குறைவு என்ற உயரத்துக்கு வந்தது. 2017இல் அதில் ஒரு பகுதி சரிந்து இரண்டு உயிர்கள் போயின. அந்த மலைக்கு யாரும் நோட்டீஸ் ஒட்டியதாக எனக்கு நினைவில்லை. என் வீட்டுக் காய்கறித் தோலும் பழைய சோறும் இப்போது அந்த மலைக்குப் போவதில்லை, நாலு கோழியின் வயிற்றுக்குப் போகின்றன. எச்சம் முருங்கைக்கு உரம். அந்த முருங்கைக்காயைத்தான் சாம்பாருக்கென்று பொருளாளர் வீட்டில் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

நோய் விஷயத்தில் உங்களைக் கேலி செய்ய மாட்டேன். 2021 ஜனவரியில் நம் பக்கத்துச் சஞ்சய் ஏரியில் வாத்துகளும் மூன்றாம் ஃபேஸ் பூங்காவில் காக்கைகளும் செத்து விழுந்தது எனக்கும் நினைவிருக்கிறது. பறவைக் காய்ச்சல் என்று உறுதியானது. காஜிப்பூர் கோழிச் சந்தையைப் பூட்டினார்கள், அங்கே எடுத்த நூறு மாதிரிகளிலும் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகு திறந்தார்கள். செங்கோட்டையில் ஒரு காக்கைக்கு நோய் என்றதும் கோட்டையையே பூட்டினார்கள். மறுபடி அப்படி வந்து, கோழிகளுக்குத் தொற்றியது உறுதியானால், ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் ஒரு கோழியும் மிஞ்சாது, வீட்டுக் கோழியும்தான். அந்த நாள் வந்தால் நானே கூண்டைத் திறந்து கொடுப்பேன். அதுவரை தண்ணீர்த் தட்டில் காக்கை வாய் வைக்காதபடி வலை கட்டியிருக்கிறேன். வந்து பாருங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. கோழி வளர்த்த இந்த மூன்று வருடத்தில் டெல்லியை எனக்குப் புரியவைத்தவை இந்த நாலு கோழிகள்தான். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியும் புரியாதது, கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்தபோது புரிந்தது.

கருப்பி எல்லோரையும் கொத்துவாள். புள்ளி, கருப்பியைத் தவிர மற்றவர்களைக் கொத்துவாள். சாம்பல், செவலையை மட்டும் கொத்துவாள். செவலையால் யாரையும் கொத்த முடியாது, மண்ணைத்தான் கொத்துவாள். யமுனைக் கரையில் காய்கறி போடும் குடும்பத்திடம் வாங்கி வந்து கடைசியாகச் சேர்த்தது அவளை. நம் காலனியில் வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு இல்லை, பராமரிப்புப் பணம் மட்டும் உண்டு அல்லவா, அந்த மாதிரி. இந்த வரிசையை முதலில் எழுதி வைத்தவர் ஷெல்டெருப்-எப்பே என்ற நார்வேக்காரர். சின்ன வயதிலிருந்து கோழிகளைப் பார்த்துக் குறித்து வைத்து, 1921இல் ஆய்வாக வெளியிட்டார். சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அவரை மேலே வர விடவில்லை. கொத்தும் வரிசையைக் கண்டுபிடித்தவரையும் வரிசை கொத்தியிருக்கிறது.

போன பங்குனியில் கருப்பி அடைகாக்க உட்கார்ந்தாள். இருபத்தொரு நாள். ஒரு வேளை இரையெடுக்க இறங்குவாள், மற்றபடி மூலையை விட்டு அசையவில்லை. ஒன்பது முட்டையில் ஏழு பொரித்தன. காஜிப்பூர் வானத்தில் வட்டமிடும் பருந்துகளில் ஒன்று இரண்டைத் தூக்கிப் போனது. அந்த மதியம் மிச்ச ஐந்தையும் காக்கப் பருந்தை நோக்கி அவள் பாய்ந்ததைப் பார்த்த பிறகு எனக்குக் கோழிக்குழம்பு இறங்கவில்லை. நாமக்கல்காரன் எழுதுகிறேன், நம்புங்கள். குஞ்சுகள் வளர்ந்ததும் ஊர்ப்பக்கம் கொடுத்தாயிற்று, கருப்பி பழையபடி கூட்டத்துக்குத் திரும்பினாள். புள்ளி கொத்திவிட்டாள்! அவள் இல்லாத நாளில் பதவி கைமாறிவிட்டது. இழந்த இடத்தைப் பிடிக்கக் கருப்பி பத்து நாள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பதினோரு வருடமாகத் தேர்தல் வைக்காமல் நீங்கள் நாற்காலியை விட்டு எழாமலிருப்பதன் நியாயம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உங்களைத் தவறாக நினைத்திருந்தேன்.

எனவே ஏழு நாள் கெடுவைத் தளர்த்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அல்லது பொதுக்குழுவைக் கூட்டி ஓட்டுக்கு விடுங்கள். வாடகைக்காரர்களையும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தரைத்தளத்துக்காரன்

பின்குறிப்பு: நாட்டுக்கோழி முட்டைக்காக உங்கள் வீட்டிலிருந்து வந்த எவர்சில்வர் டப்பா என்னிடம்தான் இருக்கிறது. மார்கழியில் பகல் குறைவு, வெளிச்சம் போதாமல் கோழிகள் முட்டையைக் குறைத்துவிட்டன. இதுவரை மூன்று சேர்ந்திருக்கிறது. அரை டஜன் ஆனதும் அனுப்புகிறேன், உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.